இடம் மாறிய மிக்ஸி பழுதுக் கடையும் கூகுள் மேப்பும்: மேற்கு மாம்பலத்தில் ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

சென்னை மேற்கு மாம்பலத்தில் முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக மிக்ஸி, கிரைண்டர், கேஸ் அடுப்பு ஆகியவற்றைப் பழுது பார்த்துவரும் ஒரு சிறு கடை, இடம் மாறிய சில மாதங்களில் இணையத் தேடலிலிருந்து ஏறத்தாழ மறைந்து போனதையும், பிறகு மீண்டும் கண்ணில் படத் தொடங்கியதையும் இந்த ஆய்வு பதிவு செய்கிறது. கடையை நடத்துபவர் ஐம்பதுகளின் இறுதியில் இருப்பவர். உடன் ஒரே ஒரு உதவியாளர். மாலை வேளைகளில் அக்காள் மகன் வந்து கணக்கு பார்ப்பார். மோட்டார் காயில் கட்டுவது, ஜாருக்கு புஷ்ஷும் பிளேடும் மாற்றுவது, கிரைண்டர் பெல்ட் மாற்றுவது, தேய்ந்த கல்லைக் கொத்திக் கொடுப்பது என்று எல்லா வேலையும் கடைக்குள்ளேயே நடக்கும்.

2023ஆம் ஆண்டு முடியும் வரை கடை ஆரிய கவுடா சாலையில், அயோத்தியா மண்டபத்துக்கு நடந்து போகும் தூரத்தில் இருந்தது. அந்தப் பழைய கட்டடத்தை இடித்து அடுக்குமாடி கட்ட உரிமையாளர் முடிவு செய்ததால், 2024 தொடக்கத்தில் கடை உள்ளே ஒரு குறுக்குத் தெருவுக்கு மாறியது. பழைய இடத்தில் கட்டியிருந்த அறிவிப்புத் துணி, தகர வேலி போடப்பட்ட அன்றே போய்விட்டது. கைபேசி எண்ணைக் குறித்து வைத்திருந்த வாடிக்கையாளர்கள் புது இடத்தைக் கேட்டு வந்தார்கள். புதியவர்கள் வருவதுதான் நின்றுபோனது.

இந்தப் பகுதியில் அந்த இழப்பு மற்ற இடங்களைவிட அதிகமாக உறைக்கும். மேற்கு மாம்பலத்தில் தனித்து வாழும் முதியவர்கள் பலர். மிக்ஸி ஓடவில்லை என்று அம்மா தொலைபேசியில் சொன்னதும், பெங்களூரிலோ அமெரிக்காவிலோ இருக்கும் மகனோ மகளோ கூகுளில் தேடி, கடையை அழைத்து, வீட்டுக்கு ஆள் அனுப்பச் சொல்வது இங்கே வழக்கம். தெருவில் நடந்து போகும்போது பெயர்ப் பலகையைப் பார்த்து வருகிறவர்கள் அல்லர் இவர்கள். மேப்பில் இல்லாத கடை அவர்களுக்கு இல்லாத கடைதான்.

2024 ஆகஸ்டில் இந்தச் சிக்கல் என்னிடம் வந்தது. சிறு கடைகளுக்கு இத்தகைய பதிவுகளைச் சரிசெய்து கொடுப்பதில் எனக்குப் பழக்கம் உண்டு.

கண்டறியப்பட்டவை

கடைக்காரர் முதலில் சொன்னது, "தேடிப் பார்த்தால் நம்ம கடைதான் முதல்ல வருது" என்பது. அவர் தேடியது கடைக்குள் உட்கார்ந்து, கடையின் பெயரையே தட்டச்சு செய்து. அருகிலுள்ள கடைகளுக்கான தேடலில் எதை முன்னே காட்டுவது என்பதற்குக் கூகுள் மூன்று அளவுகோல்களை வெளிப்படையாகவே சொல்லியிருக்கிறது: தேடிய பொருளோடு கடைக்குள்ள பொருத்தம், தேடுபவர் இருக்கும் இடத்திலிருந்து அல்லது அவர் குறிப்பிடும் இடத்திலிருந்து தூரம், கடை எவ்வளவு அறியப்பட்டது என்பது. கடைக்குள் நின்று பெயரைச் சொல்லித் தேடினால் மூன்றும் சாதகமாகவே அமையும். புதிய வாடிக்கையாளர் காண்பது அந்தப் பட்டியலை அல்ல. ஆகவே மாம்பலம் ரயில் நிலையத்தின் மேற்கு வாசல், அயோத்தியா மண்டபம், துரைசாமி சுரங்கப்பாதையின் தி.நகர்ப் பக்கம், அசோக் பில்லர், கே.கே.நகர் ஆகிய இடங்களில் நின்று, கடையின் பெயரைச் சொல்லாமல், "மிக்ஸி சர்வீஸ்", "கிரைண்டர் ரிப்பேர்" என்று ஆங்கிலத்திலும் தமிழிலும் தேடிப் பார்த்தோம். எங்கிருந்து தேடினாலும் கடை வரவில்லை.

காரணம் ஒன்றல்ல. பழைய முகவரியில் இருந்த கூகுள் பிசினஸ் புரொஃபைல், அதாவது தேடலிலும் மேப்பிலும் கடையின் விவரங்களைக் காட்டும் பதிவு, "நிரந்தரமாக மூடப்பட்டது" என்று மாறியிருந்தது. கட்டடம் இடிக்கப்பட்டதைப் பார்த்த யாரோ ஒருவர் நல்லெண்ணத்தில் அந்தத் திருத்தத்தைப் பரிந்துரைத்திருக்க வேண்டும். மேப்பில் எவரும் அப்படிப் பரிந்துரைக்கலாம். பல ஆண்டுகளாகச் சேர்ந்த நல்ல ரிவ்யூக்கள் முழுவதும் அந்தப் பதிவிலேயே இருந்தன. அதைத் தொடங்கியவர் முன்பு கடையில் வேலை பார்த்த ஒரு பையன். தன் சொந்த ஜிமெயிலில் தொடங்கிக் கொடுத்துவிட்டு ஊருக்குப் போய்விட்டார். கடைக்காரரிடம் கடவுச்சொல்லும் இல்லை, அந்தப் பையனின் எண்ணும் இல்லை. பழக்கமான ஒரு மாமி, "ஏம்ப்பா, கடையை மூடிட்டேளாமே, போன்ல போட்டிருக்கே?" என்று அழைத்துக் கேட்ட பிறகுதான் அவருக்கே விஷயம் தெரிந்தது.

அக்காள் மகன் புது முகவரியில் இரண்டாவது பதிவு ஒன்றைத் தொடங்கியிருந்தார். கடையின் பெயரோடு "சென்னை நம்பர் 1", "மிக்ஸி கிரைண்டர் ரிப்பேர்", "மேற்கு மாம்பலம்", "தி.நகர்" எல்லாவற்றையும் சேர்த்து ஒரே நீளமான பெயராக எழுதியிருந்தார். கடையின் உண்மையான பெயர், பலகையில் உள்ளபடி மட்டுமே இருக்க வேண்டும் என்பது கூகுளின் விதி. அந்தப் பதிவு முடக்கப்பட்டிருந்தது. இது தவிர, முதலிடத்துக்கு உத்தரவாதம் என்று சொல்லி ஒரு முகவர் ஆண்டுக் கட்டணம் வாங்கியிருந்தார். பணம் கொடுத்து இந்தப் பட்டியலில் மேலே வர வழியே இல்லை என்று கூகுள் தெளிவாக எழுதி வைத்திருக்கிறது. விளம்பரம் தனி, அதற்கு விளம்பரம் என்ற அடையாளம் இருக்கும். உழைத்துச் சேர்த்த பணத்தைச் சிறு கடைக்காரர்கள் இப்படி இழப்பதைத் தொடர்ந்து காண்கிறேன் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

முகவரியில் சென்னைக்கே உரிய ஒரு சிக்கல் இருந்தது. புதிய இடத்துக்குப் புதிய எண், பழைய எண் என இரண்டு கதவு எண்கள் உண்டு. இரண்டாவது பதிவில் பழைய எண்ணை மட்டும் கொடுத்திருந்தார்கள். அதே தெருவில் இன்னொரு வீட்டின் புதிய எண் அதுவாக இருந்ததால், மேப்பில் சிவப்புக் குறி அந்த வீட்டு வாசலில் போய் நின்றது. பழைய பதிவில் இருந்த இணையதள இணைப்பைத் தொட்டால் எதுவும் திறக்கவில்லை. கூகுள் இலவசமாக அமைத்துக் கொடுத்த அந்த வகைச் சிறு தளங்கள் 2024 மார்ச்சில் நிறுத்தப்பட்டுவிட்டன. தொடர்புக்குக் கொடுத்திருந்த 044 எண்ணும் எப்போதோ துண்டிக்கப்பட்ட இணைப்பு. தொழில் வகையாக "எலக்ட்ரானிக்ஸ் கடை" என்றிருந்தது. மதியம் ஒன்றரை முதல் நான்கு வரை கடை மூடியிருக்கும் என்ற குறிப்பு எந்தப் பதிவிலும் இல்லை.

கடைசியாக ஒன்று. அதே பகுதியில், பிரபல மிக்ஸி கம்பெனிகளின் பெயரைச் சொல்லி, "சர்வீஸ் சென்டர்" என்று ஒரு பதிவு பட்டியலின் மேலே வந்துகொண்டிருந்தது. குறி காட்டிய இடத்துக்குப் போனால் அங்கே ஒரு குடியிருப்பின் வண்டி நிறுத்துமிடம்தான் இருந்தது. கடை ஏதும் இல்லை.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

இருந்த இரண்டு பதிவுகளில் எதைக் காப்பாற்றுவது என்பதே முதல் முடிவு. அக்காள் மகன் தான் தொடங்கியதற்கு மேல்முறையீடு செய்யலாம் என்றார். நான் பழையதையே மீட்க வேண்டும் என்றேன். கடை இடம் மாறினால் இருக்கும் பதிவில் முகவரியைத் திருத்துவதுதான் முறை. அப்படிச் செய்தால் ரிவ்யூக்கள் கூடவே வரும். ஒரே கடைக்கு இரண்டு பதிவுகள் இருப்பது விதிக்குப் புறம்பு. எல்லாவற்றையும்விட, கடையின் நற்பெயருக்கு எழுத்து வடிவில் இருந்த ஒரே சான்று அந்தப் பழைய பதிவுதான். மாமாவும் மருமகனும் சிறிது நேரம் பேசி, அதற்கு ஒப்புக்கொண்டார்கள். இரண்டாவது பதிவு நீக்கப்பட்டது.

கடைக்காரரின் பெயரிலேயே புதிய ஜிமெயில் கணக்கு ஒன்றைத் தொடங்கி, அதிலிருந்து பழைய பதிவின் உரிமையைக் கோரினோம். இப்போதைய உரிமையாளருக்கு மின்னஞ்சல் போகும். பதில் சொல்ல அவருக்கு மூன்று நாள் அவகாசம். பதில் வராவிட்டால், தானே அந்தக் கடையை நடத்துவதாக உறுதிப்படுத்தி உரிமையைப் பெறும் வழி கோரியவருக்குத் திறக்கலாம். இங்கே பதில் வரவில்லை, வழி திறந்தது. உறுதிப்படுத்தக் கேட்கப்பட்டது வீடியோ.

அந்த வீடியோவில் மூன்று விஷயங்கள் வெட்டு இல்லாமல் தொடர்ச்சியாகத் தெரிய வேண்டும்: கடை இந்தத் தெருவில்தான் இருக்கிறது என்பது, இந்தத் தொழில்தான் நடக்கிறது என்பது, எடுப்பவருக்கு இந்தக் கடைமேல் உரிமை இருக்கிறது என்பது. முதலில் எடுத்து அனுப்பியது ஏற்கப்படவில்லை. காரணம் சொல்லப்படவில்லை என்றாலும், வாசலைப் பார்த்தால் ஊகிக்க முடிந்தது. மிக்ஸி கம்பெனி ஒன்று இலவசமாகக் கொடுத்த பலகை அங்கே மாட்டியிருந்தது. அதில் கம்பெனியின் பெயர் முக்கால் பங்கு, கடையின் பெயர் அடியில் ஒரு கோடு. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அது அந்தக் கம்பெனியின் கடை. பலகையை இறக்கிவிட்டுக் கடையின் பெயரையும் புதிய கதவு எண்ணையும் பெரிதாக எழுதிய புதுப் பலகை மாட்டப்பட்டது. தமிழ்நாட்டில் பெயர்ப் பலகையில் தமிழே முதன்மையாக இருக்க வேண்டும் என்ற விதியும் அதோடு நிறைவேறியது.

அடுத்த வீடியோவை உதவியாளரே எடுத்தார். தெருமுனையில் மாநகராட்சியின் தெருப் பெயர்ப் பலகையில் தொடங்கி, பக்கத்து மாவு அரைக்கும் மில்லைத் தாண்டி, புதுப் பலகையைக் காட்டி, கடைக்காரர் தன் இடுப்புச் சாவியால் ஷட்டரைத் திறந்து மேலே தள்ளுவது வரை ஒரே மூச்சில் வந்தது. உள்ளே ஆணியில் மாலை மாலையாகத் தொங்கும் ஆர்மேச்சர்கள், பாதி கட்டிய காயில், நூலில் கட்டிய ரசீதுச் சீட்டோடு வரிசையாக நிற்கும் மிக்ஸிகள், கடைசியாகக் கல்லாவைத் திறப்பது. சுவரில் மாட்டியிருந்த மாநகராட்சித் தொழில் உரிமமும், சிறு தொழில்களுக்கு மத்திய அரசு தரும் உத்யம் பதிவுச் சான்றிதழும் ஒரு நொடி நெருக்கத்தில் காட்டப்பட்டன. கடையின் மின் இணைப்பு கட்டட உரிமையாளர் பெயரில் இருந்ததால் மின் கட்டண ரசீது உதவாது; ஆண்டு வரவு 20 லட்சத்துக்குக் கீழ் என்பதால் ஜிஎஸ்டி எண்ணும் இல்லை. வாடகைக் கடைக்காரர்கள் பலருக்கும் இதே நிலைதான். உத்யம் பதிவு அரசு தளத்தில் ஆதாரைக் கொண்டு கட்டணமில்லாமல் கிடைப்பது. அதை முன்பே எடுத்து வைத்திருந்தோம்.

வீடியோ ஏற்கப்பட்டதும் பதிவு மீண்டும் திறந்தது. பெயர், பலகையில் உள்ளபடி மட்டும். முகவரியில் புதிய எண்ணும் அடைப்புக்குறிக்குள் பழைய எண்ணும். சிவப்புக் குறியைக் கையால் இழுத்துக் கடை வாசலில் வைத்தோம். வேலை நேரம் காலை, மாலை என இரண்டு பகுதியாகப் போடப்பட்டது. தொழில் வகை வீட்டு உபயோகப் பொருள் பழுது என்று மாற்றப்பட்டது. மற்ற தளங்களில் கிடந்த பழைய எண்ணையும் முகவரியையும் தேடித் தேடித் திருத்தினோம். சலிப்பான வேலை, ஆனால் தவிர்க்க முடியாதது.

சேவைப் பட்டியல் எழுதுவதில்தான் அதிக நேரம் செலவிட்டோம். "எல்லா வகைப் பழுதும் பார்க்கப்படும்" என்று கடைக்காரர் ஒரே வரியில் முடிக்க நினைத்தார். நான் அவருடைய ரசீதுப் புத்தகத்தைக் கேட்டு வாங்கி, வாடிக்கையாளர்கள் குறையை எப்படிச் சொல்கிறார்கள் என்று பார்த்தேன். ஜார் அடியில் ஒழுகுகிறது, கருகிய வாடை வருகிறது, கிரைண்டர் சுற்றுகிறது ஆனால் மாவு நைசாக வரவில்லை, அடுப்பில் சிவப்பாக எரிகிறது என்று அவர் கையெழுத்தில் பக்கம் பக்கமாக இருந்தது. அவற்றையே தலைப்புகளாக்கி, ஒவ்வொன்றுக்கும் கீழே என்ன வேலை செய்யப்படும் என்று ஒரு வரி எழுதினோம். கல் கொத்துவதைத் தனித் தலைப்பாகப் போட்டோம்.

தி.நகரைப் பிடிக்க முயல்வதில்லை என்றும் முடிவு செய்தோம். நேர்க்கோட்டில் அது மிக அருகில்தான். ஆனால் நடுவில் ரயில் பாதை. கிரைண்டரைத் தூக்கிக்கொண்டு ரங்கநாதன் தெரு நெரிசலைக் கடந்து இந்தப் பக்கம் வருகிறவர் அரிது. வரக்கூடியவர்கள் அசோக் நகர், கோடம்பாக்கத்தின் இந்தப் பக்கம், ஜாபர்கான்பேட்டை ஆகிய இடங்களில் இருந்தார்கள்.

ரிவ்யூ எழுதினால் 50 ரூபாய் தள்ளுபடி தரலாம் என்று நண்பர் ஒருவர் ஆலோசனை சொன்னார். அது மறுக்கப்பட்டது. கைம்மாறு கொடுத்து ரிவ்யூ வாங்குவதைக் கூகுள் தடை செய்திருக்கிறது. அகப்பட்டால் அந்த ரிவ்யூக்கள் நீக்கப்படும், பதிவும் கட்டுப்படுத்தப்படலாம். அது ஒருபுறம் இருக்க, முப்பது ஆண்டு வேலைக்குக் கிடைத்த நல்ல வார்த்தையோடு விலை கொடுத்து வாங்கிய வார்த்தையைக் கலப்பது கடைக்காரருக்கே பிடிக்கவில்லை. சரி செய்த பொருளை ஓட்டிக் காட்டித் திருப்பிக் கொடுக்கும்போது, திருப்தியானவர், முகம் சுளித்தவர் என்று பார்க்காமல் எல்லோரிடமும் கேட்பது என்றும், மேசையில் ஒரு கியூஆர் அட்டை வைப்பது என்றும் ஏற்பாடானது.

பின்தொடர்ந்தவை

பலனை அளக்க, புதியவர் யார் வந்தாலும் "எப்படித் தெரிந்துகொண்டீர்கள்" என்று கேட்டு, ரசீதின் மூலையில் ஒரெழுத்தில் குறித்து வைக்கும்படி உதவியாளரிடம் சொல்லப்பட்டது. "மே" என்றால் மேப், "ப" என்றால் பலகை, "சொ" என்றால் யாரோ சொல்லி. புரொஃபைலில் வரும் அழைப்பு எண்ணிக்கையைவிட இதை நான் அதிகம் நம்பினேன். அழைப்பவரெல்லாம் பொருளைக் கொண்டுவருவதில்லை.

பதிவு சரியானது செப்டம்பர் இறுதியில். அக்டோபர் 31 தீபாவளி. அதற்கு முந்தைய வாரங்களில் பலகாரத்துக்காக ஊரிலுள்ள கிரைண்டரெல்லாம் வெளியே வரும். எந்தப் பழுதுக் கடையிலும் கூட்டம் இருக்கும். ஆகவே அக்டோபர் மாத எண்ணிக்கை உயர்ந்ததைப் பலனாகக் கொள்ளவில்லை. பொங்கலும் கழிந்து, வடாம் போடும் பருவம் தொடங்குவதற்கு முன், பெரும் பண்டிகை ஏதுமில்லாத பிப்ரவரியைத்தான் அளவுகோலாக எடுத்தோம். முந்தைய ஆகஸ்டில் வாரத்துக்கு ஒருவர் இருவர் என்றிருந்த புது வாடிக்கையாளர் வரவு, பிப்ரவரியில் பெரும்பாலான நாள்களில் இரண்டு மூன்று பேர் என்றாகியிருந்தது. ரசீது மூலைகளில் "மே" என்ற எழுத்தே மிகுதியாக இருந்தது.

மீண்டும் அதே இடங்களில் நின்று தேடிப் பார்த்தபோது கிடைத்த வேறுபாடுதான் இந்த நிகழ்வில் நான் முக்கியமாகக் கருதுவது. "மிக்ஸி சர்வீஸ்" என்று தேடினால் ரயில் நிலையத்திலும் அயோத்தியா மண்டபத்திலும் முதல் மூன்றில் கடை வந்தது, அசோக் பில்லரில் பட்டியலை நகர்த்திப் பார்க்க வேண்டியிருந்தது, கே.கே.நகரில் வரவேயில்லை. ஆனால் "கிரைண்டர் கல் கொத்த" என்று தேடினால் கே.கே.நகரிலும் மேலேயே வந்தது. மிக்ஸி சரிசெய்யும் கடைகள் வழி நெடுகிலும் இருப்பதால் பொதுவான தேடலில் தூரமே முடிவு செய்கிறது. கல் கொத்துவதை எழுதி வைத்திருப்பவர்கள் மிகச் சிலரே என்பதால் அந்தத் தேடலில் பொருத்தம் தூரத்தை வென்றுவிடுகிறது. ரிவ்யூக்களும் இதற்குத் துணை நின்றன. "கல்லைக் கொத்திக் கொடுத்தார், இட்லி மாவு பழையபடி பொங்குகிறது" என்ற ஒரு ரிவ்யூவின் வரியைத் தேடல் பட்டியலிலேயே கூகுள் எடுத்துக் காட்டியது. பக்கத்துத் தெருவில் இல்லாத ஒரு வேலை கைவசம் இருந்தால், அதைத் தெளிவாக எழுதுவதைக் காட்டிலும் பெரிய உபாயம் ஒரு சிறு கடைக்கு இல்லை என்பது என் உறுதியான கருத்து.

வேண்டாத பலனும் வந்தது. தொழில் வகை பொதுவாக இருந்ததால் வாஷிங் மெஷின், ஃப்ரிட்ஜ், மைக்ரோவேவ் என்று அழைப்புகள் வந்தன. ஒவ்வொருவருக்கும் இல்லை என்று சொல்வதிலேயே கடைக்காரருக்கு வேலை கெட்டது. சிறு சாதனப் பழுது என்ற குறுகிய வகைக்கு மாற்றி, விவரக் குறிப்பின் முதல் வரியிலேயே பார்க்கும் பொருள்களைப் பெயர் சொல்லி எழுதிய பிறகு அவை குறைந்தன. கூடுதல் வேலையால் பொருளைத் திருப்பிக் கொடுக்கும் நாள்களும் நீண்டன. பாரிமுனையிலிருந்து உதிரிப் பாகம் வரத் தாமதமான ஒரு மிக்ஸிக்காக ஒற்றை நட்சத்திர ரிவ்யூ வந்தபோது, கடைக்காரர் சொல்லச் சொல்ல மருமகன் பதில் எழுதினார்: தாமதம் உண்மை, முன்கூட்டியே அழைத்துச் சொல்லியிருக்க வேண்டும், இனி அப்படிச் செய்கிறோம். அதன்பின் பாகம் வராத பொருளுக்கு மூன்றாம் நாள் அழைத்துச் சொல்வது கடையின் வழக்கமாயிற்று.

போலி சர்வீஸ் சென்டர் பதிவைப் பற்றி, அந்த வண்டி நிறுத்துமிடத்தின் படத்தோடு, இத்தகைய பதிவுகளுக்கென்று கூகுள் வைத்திருக்கும் புகார்ப் படிவத்தில் தெரிவித்தோம். சில வாரங்களில் அது நீக்கப்பட்டது. பின்னர் வேறு பெயரில், வேறு தெருவில் ஒன்று முளைத்தது. அதற்கும் புகார் கொடுக்கப்பட்டது.

மாற்ற வேண்டியவை

கடை மாறும் நாளிலேயே மேப்பில் முகவரியை மாற்றுவது, லாரியில் சாமான் ஏற்றுவதைப் போலவே இடமாற்றத்தின் ஒரு பகுதியாக இருக்க வேண்டும். சில மாதங்கள் கழித்துச் செய்தால் அதற்குள் யாராவது "மூடப்பட்டது" என்று குறித்துவிடுவார்கள். திருத்துவதைவிட மீட்பது பல மடங்கு வேலை. பெயர்ப் பலகையும் உரிமச் சான்றிதழும் தயாரான பிறகே வீடியோவுக்கு முயல வேண்டும். ரசீது மூலையில் குறிக்கும் முறையைப் பதிவைத் தொடுவதற்கு ஒரு மாதம் முன்பே தொடங்கினால், ஒப்பிட நம்பகமான எண்ணிக்கை கையில் இருக்கும். தொழில் வகையையும் சேவைப் பட்டியலையும் சில வாரங்கள் இடைவெளி விட்டு மாற்றினால், எந்த மாற்றம் எவ்வளவு உதவியது என்பதும் தெரியும். ஆயுத பூஜை, தீபாவளி, பொங்கல் ஆகிய நாள்களுக்கான சிறப்பு நேரத்தை முன்கூட்டியே பதிவு செய்வது இப்போது மருமகனின் பொறுப்பு.

பதிவின் முதன்மை உரிமை கடைக்காரரின் கணக்கில் மட்டும் இருக்கிறது. மருமகனுக்கு நிர்வாகி என்ற நிலை; இனி எந்த முகவர் வந்தாலும் அதற்கு மேல் கொடுப்பதில்லை என்று தீர்மானமாகியிருக்கிறது. கணக்கின் கடவுச்சொல்லும் மீட்பு எண்ணும் ஒரு தாளில் எழுதப்பட்டு, வாடகை ஒப்பந்தத்தோடும் உத்யம் சான்றிதழோடும் ஒரே உறையில் வீட்டு பீரோவில் வைக்கப்பட்டுள்ளன. இப்போதைய வாடகை ஒப்பந்தம் முடியும்போது மீண்டும் இடம் மாற நேர்ந்தால், முதலில் எடுக்க வேண்டியது அந்த உறையைத்தான் என்பது கடையில் உள்ள மூவருக்கும் தெரியும்.